மாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு பனியன் கண்காட்சி

திருப்பூரில் ஒரு மாட்டு ஆஸ்பத்திரியை அழகுபடுத்தப் போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மலேசியாவில் ஈப்போ நகரத்துப் பேரங்காடிகளின் கண்ணாடிச் சன்னல்களை அலங்கரிப்பது என் தொழில். பொம்மைக்குச் சட்டை மாட்டி, விளக்கைத் திருப்பி வைத்து, தெருவில் போகிறவனை நிற்க வைக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அதைச் செய்கிறேன். ஒருநாள் ஒரு திருப்பூர்க்காரர் என் சன்னல் முன்னால் அரை மணி நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, "எங்க ஊருக்கு வந்து இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்கோணுமுங்க" என்றார். பெயர் துரைசாமி. பனியன் ஏற்றுமதி செய்கிறவர். அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் பேசியதில்லை. அதில்தான் ஏமாந்தேன்.

விஷயம் இதுதான். துரைசாமி பன்னிரண்டு வருடமாக வெளிநாட்டுக்காரன் வரைந்து அனுப்பும் படத்தைப் பனியனில் அச்சடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கே நன்றாக வரைய வரும். எருமை, பல்லடம் பஸ், நிலக்கடலைச் செடி, மழையில் நனையும் சைக்கிள் என்று நோட்டு நோட்டாக வரைந்து வைத்திருந்தார். காதர்பேட்டை மொத்த வியாபாரிகள் அதைப் பார்த்து, "எருமையை நெஞ்சுல போட்டுக்கிட்டு எவனுங்க நடப்பான்?" என்று சிரித்தார்களாம். அவர் விடவில்லை. ஊரில் வெள்ளைக்காரன் காலத்து மாட்டு ஆஸ்பத்திரி காலியாகக் கிடந்தது. டாக்டர் வேறு தெருவில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார். பழையதை இடித்துக் கடைகள் கட்டுவதாக நகராட்சியில் பேச்சு. துரைசாமி போய்க் கெஞ்சி, அதை வடிவமைப்புக் கண்காட்சிக் கூடமாக்கிக் காட்டுகிறேன் என்று ஒரே ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சித் தலைவர் வந்து பார்ப்பார். டென்மார்க்கிலிருந்து வந்து துணி வாங்கும் ஓர் அம்மாளும், இந்த ஊர்ப் பேச்சில் 'பையர்', அப்போது வருவார். தலைவருக்குப் பிடித்தால் கட்டடம் நிற்கும். பிடிக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை கடப்பாரை.

எனக்கு இருந்தது ஆறு நாள்.

முதல் நாளே வீணானது. கோயம்புத்தூரில் தாராபுரம் போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன். ஈப்போவில் பஸ் நின்ற பிறகு ஏறுவோம். இங்கே பஸ் நிற்கும் என்று நம்புகிறவர்கள் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். கண்டக்டர் என்னை முதுகில் கை வைத்துத் தள்ளவில்லை. என் பெட்டியால் தள்ளினார். "உள்ளார போங்க அம்மிணி, உள்ளார எடம் கெடக்குதுங்க" என்றார். உள்ளே கிடந்தது என் கால் மட்டும்தான், அதன் மேல் மூன்று பேர் நின்றார்கள். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் இருமினால் வாய் திறப்பதுதான் தெரியும்.

பல்லடத்தில் துரைசாமி காரோடு காத்திருந்தார். கண்டக்டர் என் அட்டைப் பெட்டியை இறக்கிக் காரில் வைத்துவிட்டு ஓடும் பஸ்ஸில் தாவினார். அது ஆரஞ்சுப் பழம் வந்த பெட்டி, பக்கவாட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். இருபத்து நான்கு விளக்குகளை வைக்கோல் சுற்றி அதில் கட்டியிருந்தேன். விடுதி அறையில் பெட்டியைத் திறந்தேன். எண்பது கோழிக்குஞ்சுகள் என்னைப் பார்த்தன.

பெட்டியின் அடியில் குண்டடத்துக் கோழிப்பண்ணை ஒன்றின் பெயர் எழுதியிருந்தது. மறுநாள் காலை நானும் துரைசாமியும் குஞ்சுகளும் குண்டடத்துக்குப் போனோம். வழியெல்லாம் துரைசாமி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பெட்டியை மாற்றியது அவர் இல்லை. ஆனாலும் கேட்டார். இந்த ஊரில் யாராவது மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். தப்பு செய்தவர்தான் கேட்பதில்லை.

பண்ணைக்காரர் கொட்டகையில் என் விளக்குகள் இருபத்து நான்கையும் கயிற்றில் தொங்கவிட்டு எரியவிட்டிருந்தார். ஒவ்வொரு விளக்குக்குக் கீழும் ஒரு கூட்டம் குஞ்சு சுகமாகத் தூங்கியது. வெளிநாட்டில் செய்த விளக்கு, பேரங்காடிச் சன்னலில் பட்டுச் சேலை மேல் விழுந்த வெளிச்சம்!

"என்னய்யா இது? அடுத்தவன் பெட்டியைத் திறந்து மாட்டிக்குவியா?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவே இல்லை. "குஞ்சுக்குச் சூடு குடுக்கற பல்புன்னு நெனச்சனுங்க. கம்பெனில சும்மா சேத்து அனுப்பிச்சிருக்கறாங்கன்னு நெனச்சனுங்க. அருமையான சூடுங்க. நேத்துப் பொழுதோட மாட்டுனதுங்க, ஒரு குஞ்சு சாகலீங்க" என்றார். பிறகு விளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றித் துண்டால் துடைத்துக் கொடுத்தார். கடைசி இரண்டைக் கழற்றும்போது கை தயங்கியது. "இது ரெண்ட மட்டும் உட்டுட்டுப் போங்க சாமி. இந்த மூலைல இருக்கறது சீக்குக் குஞ்சுங்க."

விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கே என் மேல் எரிச்சல்.

பண்ணைக்காரர் வீட்டில் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு போட்டார்கள். நெய் ஊற்றினார்கள், தயிர் ஊற்றினார்கள், போதும் என்றேன், மறுபடி நெய் ஊற்றினார்கள். எங்கள் ஊர் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கொஞ்சமாக இலையில் மடித்து வரும். சாப்பிட்டால் வேலைக்குப் போகலாம். இதைச் சாப்பிட்டால் படுக்கலாம். படுத்தேன். அந்த நாளும் போனது.

வியாழக்கிழமை கட்டடத்தைப் பார்த்தேன். குறை சொல்லத்தான் போனேன், சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு கை நீளத்துக்குத் தடித்த சுவர். உயரமான ஓட்டுக் கூரை, அதைத் தாங்கும் தூண்கள். நடுவில் நீள நடை, இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டுத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் கல் தொட்டி. ஊசி போடும்போது மாட்டை அசையாமல் நிறுத்தும் இரும்புச் சட்டம் ஒன்று வாசலருகே நின்றது. பினாயிலும் சாணியும் கலந்த வாசனை சுவருக்குள்ளேயே ஊறியிருந்தது. எட்டுச் சன்னல் அலங்காரத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்கு ஈப்போவில் யாரும் கொடுத்ததில்லை. அதை மட்டும் துரைசாமியிடம் சொல்லவில்லை.

சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தார்கள். கூடவே ஒரு சிவப்பு மாடும் வந்தது. கயிற்றைப் பிடித்திருந்த விவசாயி உள்ளே வந்து மாட்டை மூன்றாவது தடுப்பில் கட்டினார்.

"ஆஸ்பத்திரி வேற தெருவுக்குப் போயிடுச்சு" என்றேன்.

"தெரியுமுங்க."

"பிறகு ஏன் இங்கே கட்டுறீங்க?"

"மாட்டுக்குத் தெரியாதுங்களே. அது வேற பக்கம் திரும்பமாட்டீங்குதுங்க. டாக்டருக்கு ஆள் உட்டிருக்கறனுங்க, சித்த நேரத்துல வந்துருவாருங்க."

டாக்டர் வந்தார். என் சுண்ணாம்புச் சுவருக்கு நடுவே நின்று மாட்டுக்கு ஊசி போட்டார். அன்றைக்கு மட்டும் நான்கு மாடு, ஒரு எருமை. எல்லாம் பழக்கப்பட்ட இடம் தேடி வந்தவை. ஒரு பசு, முடித்து வைத்திருந்த நிலக்கடலைச் செடிப் பனியனின் வலது கையைத் தின்றது. செடியையே தின்றிருந்தால் வடிவமைப்புக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை பொம்மை வாங்கக் காதர்பேட்டை போனோம். ஒரு சந்து முழுக்கப் பனியன் கடை, அடுத்த சந்தும் அப்படியே. எல்லாப் பனியனும் மடித்து, அட்டை வைத்து, உறை போட்டு, அடுக்கி இருந்தன. ஒன்றுகூட விரித்துத் தொங்கவில்லை. உலகத்துக்கே உடுப்பு தைக்கும் ஊரில் உடுப்பு மாட்டிய பொம்மை ஒன்று இல்லை. கடைசியில் ஒரு கடையில் தலையும் காலும் இல்லாத பழைய மார்புப் பொம்மை எட்டு கிடைத்தன. அவற்றை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு நடந்தோம். எதிரே வந்த இரண்டு வட நாட்டு வியாபாரிகள் இந்தியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன என்று துரைசாமியிடம் கேட்டேன். அவர் நெளிந்தார். பிறகு சொன்னார். ஒருவர், "துரைசாமிக்குக் கடைசியில் வாய் பேசாத பையர் கிடைத்துவிட்டார்" என்றாராம். மற்றவர், "தலை இல்லாதவர்தான் எருமைப் பனியன் வாங்குவார்" என்றாராம்.

துரைசாமியும் சிரித்தார். ஆனால் காரில் ஏறியதும் ஒரு பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு அதன் தூசியைத் துண்டால் துடைத்தார். "மேடம், திங்கக்கிழமை சரியா வந்துருமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சனியும் ஞாயிறும் வேலை செய்தேன். நூற்றுப் பத்துப் பனியன். தொட்டிக்குள் நீலப் பனியன்களைத் தண்ணீர் மாதிரி அலை அலையாகப் போட்டேன். இரும்புச் சட்டத்தில் பல்லடம் பஸ் படத்தை வரிசையாகத் தொங்கவிட்டேன். ஒவ்வொரு தடுப்பிலும் விளக்கு. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது. என் பதினெட்டு வருட வேலையில் அதுதான் சிறந்தது. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் முழுதாகப் பார்க்கவில்லை.

துரைசாமியிடம் சொன்னேன்: "சில பனியனில் நூல் தொங்குது, சுருக்கம் இருக்கு. உங்க ஆட்களை விட்டுச் சரி பண்ணச் சொல்லுங்க. பையர் பார்க்கிற மாதிரி இருக்கணும்." சொல்லிவிட்டு விடுதிக்குப் போய்த் தூங்கினேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்தேன். கூடம் பளபளவென்று இருந்தது. ஒரு பனியன்கூட இல்லை.

எட்டுப் பெண்கள் வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். துரைசாமி கம்பெனியின் செக்கிங், பேக்கிங் பகுதிப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி தங்கமணி, கழுத்தில் டேப்பும் கையில் நூல் வெட்டும் சின்னக் கத்திரியுமாக நின்றாள்.

"பனியன் எங்கே?" என்றேன்.

"எல்லாம் ஆச்சுங்க" என்றாள் பெருமையாக. "நூல் வெட்டி, அயர்ன் பண்ணி, மடிச்சு, கவர் போட்டு, சைஸ் வாரியாப் பெட்டி கட்டீட்டமுங்க. நேத்துப் பொழுது உளுகறதுக்குள்ள முடிச்சாச்சுங்க."

"யார் உங்களை மடிக்கச் சொன்னது?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "பையர் வர்றாங்கன்னாங்களே. பையர் வாரப்ப பீஸு வெளிய தொங்கிக்கிட்டிருந்தா கம்பெனி மானம் என்னங்க ஆகறது? அந்தத் தொட்டிக்குள்ள பாருங்க, புதுப் பீஸை யாரோ அள்ளி வீசியிருந்தாங்க. எனக்கு அளுவாச்சியே வந்துருச்சுங்க."

அள்ளி வீசியது நான்தான். "பெட்டியைக் கொண்டு வாங்க, பிரிங்க!" என்று கத்தினேன்.

எட்டுப் பேரும் வாசலைப் பார்த்தார்கள். வாசலில் ஒன்றும் இல்லை. கட்டி முடித்த பெட்டி எந்த வாசலில் இருந்தாலும் கம்பெனி லாரிக்காரர் ஏற்றிக்கொள்வார். அது அவர் வேலை. திங்கட்கிழமை விடிந்ததும் லாரி தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும். போய்விட்டது.

துரைசாமி வந்து கேட்டார். முகம் சுண்ணாம்பு நிறமானது. காரில் ஏறி லாரியைத் துரத்தித் தாராபுரம் பக்கம் பறந்தார். என்னிடம் இருந்தது எட்டுத் தடுப்பு, எட்டு முண்டம், இருபத்திரண்டு விளக்கு. இரண்டு மணி நேரம். நான் என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. தமிழில் தீர்ந்ததும் மலாயில் கத்தினேன். தங்கமணி பொறுமையாகக் கேட்டாள்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் சொன்னாள்: "மேடம், இதே பனியன் எங்க ஊட்டுல கெடக்குதுங்க."

"என்ன?"

"முதலாளி ரெண்டு வருசமா இந்தப் படத்தையெல்லாம் அடிச்சு அடிச்சுப் பாத்தாருங்களே. பளுது வந்த பீஸுல பாதிய எங்களுக்குக் குடுத்துருவாருங்க, மிச்சம் காதர்பேட்டைக்குப் போயிருமுங்க. என்ற ஊட்டுக்காரரு பஸ்ஸுப் படத்தத்தான் போட்டுக்கிட்டு மில்லுக்குப் போறாருங்க. எங்க சந்துல எல்லாத்து ஊட்டுலயும் இருக்குதுங்க."

நான் தரையில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்தேன். "போங்க. கொடியில் காய்ஞ்சாலும் சரி, உடம்பில் இருந்தாலும் சரி, கொண்டு வாங்க. உடம்பில் இருந்தா உடம்போடு கொண்டு வாங்க. எனக்குப் பொம்மை பத்தாது."

எட்டுப் பேரும் ஓடினார்கள். ஒன்பதே முக்காலுக்குள் அந்தச் சந்து முழுக்க வந்துவிட்டது. தங்கமணியின் கணவர் தறி ஓட்டிய கையோடு பஸ் படத்தில் வந்தார். டீக்கடைக்காரர் சைக்கிள் படம், கையில் வடைத் தட்டு. இரண்டு அக்காமார் சேலைக்கு மேல் நிலக்கடலைச் செடி போட்டுக்கொண்டு வந்து சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஒருவருடைய பனியனில் எருமை தலைகீழாக இருந்தது. ஒருவருக்குக் கழுத்து ஒரு தோளில் தொடங்கி மறு தோளில் முடிந்தது. தடுப்புக்கு மூன்று பேராக நிறுத்தி, விளக்கைத் திருப்பினேன். "யாரும் அசையக் கூடாது" என்றேன்.

"மூக்கு அரிச்சா என்னங்க பண்றது?" என்றார் டீக்கடைக்காரர்.

"அரிக்கட்டும்."

பத்து மணிக்கு மிகச் சரியாக டென்மார்க் அம்மாள் வந்தார். உயரமான, வெயிலில் சிவந்த மனுஷி. பின்னாலேயே நகராட்சித் தலைவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தலைவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க, கண்காட்சின்னாங்க. ஆளுகளைக் கட்டி வெச்சிருக்கறீங்க?" என்றார். கோபத்தில் ஒரு விளக்கைத் திருகிக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் கட்டடம் அப்போதே போயிருக்கும்.

அந்த அம்மாள் நேராகத் தங்கமணியின் கணவரிடம் போனார். பனியன் விளிம்பைப் பிடித்து இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். ஆங்கிலத்தில் என்னிடம், "இது புதுசு இல்லையே. எத்தனை முறை துவைத்தது?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"வாரத்துக்கு ரெண்டு வாட்டிங்க" என்றார் அவர். அசையக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டு வருசமாங்க. கல்லுல அடிச்சுத் தொவைக்கறதுங்க. இவ கை பலமுங்க."

அம்மாள் குறிப்பேடு எடுத்து எழுதினார். புதுப் பனியனை எல்லோரும் காட்டுவார்கள், கல்லில் அடித்த பனியனை இதுவரை யாரும் காட்டியதில்லை என்றார். ஒவ்வொரு தடுப்பாகப் போய், ஒவ்வொருவரையும் திரும்பச் சொல்லி, சாயத்தையும் தையலையும் பார்த்தார். மூன்றாவது தடுப்பில் சிவப்பு மாடு நின்றது. எப்போது வந்தது என்று தெரியாது. அதையும் சுற்றிப் பார்த்தார்.

உள்ளே வெயில், விளக்குச் சூடு, கூட்டம். தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. துண்டால் விசிறிக்கொண்டே போய், கடைசித் தடுப்பின் தொட்டி விளிம்பில் ஆளில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். நேர் மேலே என் விளக்கு. நனைந்த வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியது. அதற்குள்ளிருந்து நெஞ்சு அகலத்துக்கு ஒரு கறுப்பு எருமை மெதுவாக வெளியே வந்தது.

நான்தான் முதலில் பார்த்தேன். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். டென்மார்க் அம்மாள் பார்த்ததும் கைகளைச் சேர்த்துத் தட்டினார். இவரும் காட்சியில் ஒருவர், கடைசியில் வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தார். ஒரு விரலைச் சுற்றிக் காட்டித் தலைவரைத் திரும்பச் சொன்னார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். வந்த விருந்தாளி சொல்லிவிட்டார், இந்த ஊர் மரியாதையில் வேறு வழி கிடையாது. அவர் எழுந்து, மெதுவாக, முழுச் சுற்றுத் திரும்பினார். அம்மாள் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றச் சொன்னார். அதையும் கழற்றினார். தலைவரின் மனைவி காதர்பேட்டையில் பழுதுச் சரக்குக் குவியலிலிருந்து எடுத்த பனியனாம், போட்டால் உடம்புக்குக் குளுமையாம். அம்மாள் எருமையை உற்றுப் பார்த்து, "இதுதான். இந்தப் படம்தான் முதலில் வேண்டும்" என்றார். தலைவர் தோளில் கை போட்டு, ஆஸ்பத்திரித் தூண் தெரிகிற மாதிரி தன் கேமராவை என்னிடம் கொடுத்துப் படமும் எடுக்கச் சொன்னார். தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அந்த நேரத்தில் துரைசாமி வந்து சேர்ந்தார். குண்டடம் தாண்டி டயர் வெடித்து, தனியார் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்திருந்தார். லாரி கிடைக்கவில்லை. சட்டையில் ஒரு பக்கம் கிழிசல். வாசலில் நின்று, தன் படங்களைப் போட்டுக்கொண்டு நிற்கும் இருபத்து நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் தலைவரைப் பார்த்தார். அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயம். அழுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியாது.

தலைவர் பித்தானைப் போட்டபடி அவரிடம் வந்தார்.

"கட்டடம் இருக்கட்டுமுங்க துரைசாமி" என்றார். "எடுத்த போட்டோவுல நானும் தூணும் சேந்து நிக்கறோம். அப்பறம் எப்படீங்க இடிக்கறது? ஆனா ஒண்ணுங்க. அடுத்த வாட்டி எனக்கு நல்ல பீஸாக் குடுக்கோணும். இதுல வலது கை ரெண்டு இஞ்சு நீளமுங்க. தெனமும் மடிச்சு உட்டுக்கறன்."

தங்கமணி கழுத்திலிருந்த டேப்பை உருவி, தலைவர் மடித்து விட்டிருந்த பனியன் கையை இழுத்துப் பிடித்து அளந்தாள்.

"ரெண்டே காலுங்க" என்றாள்.